காரணம் எழுதாத மறுப்பு

"இருபத்து நாலு வருஷம் வண்டி ஓட்டினேன் தம்பி. அதுல லே பக்கம் மட்டும் ரெண்டு தடவை. இப்ப பின்னாடி யாராவது கூப்பிட்டா கழுத்தைத் திருப்ப முடியல, உடம்போட திரும்புறேன். இதுக்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதிட்டாங்க."

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு படகுத்துறைக்குச் சற்று முன்னால் இருக்கும் டீக்கடையில் இதைச் சொன்னவர் ராணுவத்தில் டிரைவராக இருந்து, நாயக்காக 2014-இல் ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்றார். ஆனால் விஷயத்தைக் கட்டாயம் எழுதச் சொன்னார். தன்னைப்போல் ஊனப் பென்ஷன் மறுப்புக் கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டவர்கள் கோவளத்திலும் கேளம்பாக்கத்திலும் இருக்கிறார்கள் என்றார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடிதம். லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல்தகுதி குறைக்கப்பட்ட நிலையில், இருக்கும் படைவீரரை வீட்டுக்கு அனுப்பும் முன், ரிலீஸ் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. அது விடை சொல்ல வேண்டிய கேள்விகள் பல இருந்தாலும் பென்ஷனைத் தீர்மானிப்பவை மூன்றுதான். நோய் என்ன? அதனால் வந்த ஊனம் எத்தனை விழுக்காடு? அது பணியால் வந்ததா, அல்லது பணியால் மோசமானதா? டிரைவர் அண்ணனுக்கு வந்த கடிதத்தில் முதல் கேள்விக்கு விடை சர்விகல் ஸ்பாண்டிலோசிஸ். இரண்டாவதற்கு 20 விழுக்காடு, ஆயுள் முழுமைக்கும். மூன்றாவதற்கு, பணியால் வந்ததும் இல்லை, மோசமானதும் இல்லை. ஆகவே பென்ஷனுக்கு உரிய அளவு, பூஜ்யம்.

இதை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். கழுத்து கெட்டிருக்கிறது என்று ராணுவ மருத்துவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விதி கேட்கும் குறைந்தபட்ச அளவான 20 விழுக்காட்டையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மறுப்பு நிற்பது மூன்றாவது கேள்வியில் மட்டும். பலர் இதைக் கவனிக்காமல், வலி இருப்பதை நிரூபிக்க ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக் காசைக் கரைக்கிறார்கள். வலி இருப்பதை யாரும் மறுக்கவில்லை, அண்ணே. அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு.

இந்த இடத்தில் அவர் குறுக்கிட்டு, சாலையில் சற்றுத் தள்ளி இருக்கும் தேசிய நிறுவனத்தைக் காட்டினார். பல்வகை ஊனமுள்ளவர்களின் மேம்பாட்டுக்காக 2005-இல் மத்திய அரசு இங்கே முட்டுக்காட்டில் தொடங்கியது அது. "அங்க மாதிரி பெரிய இடத்துல ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா போதாதா?" போதாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்பது வேறு. அதில் 40 விழுக்காடு என்ற வரம்பு, மருத்துவக் குழுவின் சான்று, அடையாள அட்டை, பேருந்துச் சலுகை, இட ஒதுக்கீடு எல்லாம் வரும். ஊனத்துக்கு யார் காரணம் என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. ராணுவப் பென்ஷனுக்கு 20 விழுக்காடே போதும், ஆனால் காரணம்தான் உயிர். ஒன்றின் சான்றை இன்னொன்றுக்குத் துணைக்கு வைக்கலாமே தவிர, அதை வைத்தே இதை வாங்க முடியாது.

இனி கழுத்துக்கு வருவோம். கழுத்தில் ஏழு எலும்புகள், இடுப்பில் ஐந்து. மேலே உள்ள முதல் இரண்டை விட்டுவிட்டால், மற்ற எலும்புகளுக்கு நடுவே ஒவ்வொரு ஜவ்வு இருக்கிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டைக் கண்ணில் ஒரு ரப்பர் புஷ் இருக்குமே, அது செய்யும் வேலையைத்தான் இந்த ஜவ்வும் செய்கிறது. கழுத்தில் பெரும்பாலும் தேய்வது ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு நடுவிலும் ஆறாம் ஏழாம் எலும்புகளுக்கு நடுவிலும் உள்ளவை. இடுப்பில் கடைசி இரண்டு. ஜவ்வு வற்றி இறங்கினால் எலும்பின் ஓரங்கள் முள்முள்ளாக வளரும். பிதுங்கிப் பின்னால் வந்து நரம்பை அழுத்தினால், கழுத்தில் கிளம்பும் வலி தோள் வழியாகக் கைவிரல் வரை சுரீரென்று இறங்கும், விரல்கள் மரத்துப்போகும். இடுப்பில் என்றால் கால் வழியாக.

போர்டில் இருக்கும் மருத்துவர் இதைப் பார்த்ததும் எழுதுவது பெரும்பாலும் இதுதான்: தேய்மானம், உடல்வாகு, வயது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களில், ஒரு வலியும் இல்லாத பலருக்குக்கூட எம்.ஆர்.ஐ. எடுத்தால் தேய்மானம் தெரியும். ஆகவே, பணிதான் இதை உண்டாக்கியது என்று அடித்துச் சொல்வது மருத்துவ ரீதியாகக் கடினம். பலர் அப்பீலில் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப மோதுகிறார்கள். விதியில் இரண்டாவது வாசல் ஒன்று உண்டு. பணி அந்த நோயை மோசமாக்கியிருந்தாலும் போதும். பணியால் வந்ததற்குக் கிடைக்கும் அதே பென்ஷன்தான் பணியால் மோசமானதற்கும். முதுகெலும்பு வழக்குகளில் நான் முதலில் தட்டச் சொல்வது இந்த இரண்டாவது வாசலைத்தான்.

ஏன் என்றால், அதற்கான சாட்சியம் அவர்களுடைய பெட்டியிலேயே இருக்கிறது. அண்ணனுக்கு 2008-இல் முதல்முறை கழுத்து பிடித்துக்கொண்டது. ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள், கேட்டகரியைக் குறைத்தார்கள், கனமான வண்டி ஓட்டக் கூடாது, தலையில் பாரம் கூடாது என்று எழுதினார்கள். அதற்குப் பின்னும் ஆள் பற்றாக்குறையால் வண்டியில் ஏற்றினார்கள் என்கிறார் அவர். மருத்துவர் தடுத்த வேலையைப் பின்னரும் செய்திருந்தால், அதை ஒரு டியூட்டி ரெஜிஸ்டரோ கார் டைரியோ காட்டினால், பணி நோயை மோசமாக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் நா எழாது. நெடுநேரம் குலுங்கும் வாகனத்தில் உட்காருவது முதுகெலும்புக்கு, குறிப்பாக இடுப்புக்கு, கேடு என்பது தொழில்சார் மருத்துவத்தில் பழைய பாடம். ஹெல்மெட்டும் முதுகுச் சுமையும் பாராசூட் குதிப்பும் கழுத்துக்குச் செய்வதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சட்டம். இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் மூன்று விஷயங்களைத் தெளிவாக வைத்தன. சேரும்போது உடம்பு நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போது எழுதிவைத்த குறை ஏதும் இருந்தால் ஒழிய. நிரூபிக்கும் பொறுப்பு கோருகிறவர் மேல் இல்லை, நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே. சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் அவரை வெளியேற்றினால், அது பணியில் எழுந்தது என்றே சாதாரணமாகக் கொள்ள வேண்டும். முன்பே இருந்தும் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவக் குழு கருதினால், அப்படிக் கருதுவதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

இந்தக் கடைசிச் சொற்றொடரில்தான் நம் நாட்டின் ஊனப் பென்ஷன் வழக்குகள் பெரும்பாலும் திரும்புகின்றன. தரம்வீர் சிங் என்ற சிக்னல்ஸ் படைவீரர் 1985-இல் சேர்ந்து, ஒன்பது ஆண்டு கழித்து வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்டார். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று போர்டு சொன்னது. ஏன் இல்லை என்று ஒரு வரி இல்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காரணம் எழுதாத மருத்துவக் கருத்து, சேரும்போது ஆரோக்கியமாக இருந்தார் என்ற அனுமானத்தை உடைக்காது என்பதுதான் அதன் சாரம். 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கிலும் 2015-இல் ராஜ்பீர் சிங் வழக்கிலும் அதையே உறுதிசெய்தது. 2025 ஏப்ரலில் பிஜேந்தர் சிங் வழக்கிலும் அதே வழிதான்.

அண்ணனுக்கு வந்த கடிதத்தில் போர்டு சொன்னதாக இன்னொன்றும் இருக்கிறது. நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில், அதாவது போர்முனை அல்லாத இடத்தில், ஆகவே பணியோடு தொடர்பில்லை. இந்த வரியை நான் பல தாள்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறேன். ஏனெனில் ராணுவத்தின் சொந்த மருத்துவ ஒழுங்குமுறையின் 423-ஆம் பத்தியே நேர்மாறாகச் சொல்கிறது. நோய்க்கான காரணம் களப் பகுதியில் நேர்ந்ததா, சாதாரண அமைதிச் சூழலில் நேர்ந்ததா என்பது பொருட்டில்லை, பணிச் சூழலோடு காரணத் தொடர்பு இருக்கிறதா என்பதே பொருட்டு. அப்பீலில் இந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிடாமல் விடாதீர்கள். 1982 விதிகளோடு சேர்ந்த நோய்ப் பட்டியலையும் கூட எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி, அணிவகுப்பு, நெடுநேரம் நிற்பது ஆகியவற்றால் பாதிக்கப்படும் நோய்களின் வரிசையில் முதுகெலும்பு மற்றும் கால் மூட்டுகளின் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் இருக்கிறது. தட்பவெப்பத்தால் பாதிக்கப்படும் நோய்களின் வரிசையில் லும்பாகோ, அதாவது இடுப்பு வலி, இருக்கிறது. தேய்மானம் என்றாலே உடல்வாகுதான் என்று சொல்பவருக்கு இது நல்ல பதில்.

"அப்ப எல்லாரும் ஜெயிச்சுடலாம்னு சொல்றீங்களா?"

இல்லை. அப்படிச் சொன்னால் அது ஏமாற்று. முதல் தடை, எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பது. 2008-க்கு முன் வெளியேறியவருக்கு 1982 விதிகள். 2008 முதல் வெளியேறியவருக்கு 2008 விதிகள். 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோருக்கு 2023 விதிகள். அண்ணன் நடுவில் இருக்கிறார். 2008 விதிகள் பழைய அனுமானத்தைத் தளர்த்திவிட்டன. சேரும்போது நடக்கும் பரிசோதனை மேலோட்டமானது, பணியில் இருக்கும்போது நோய் தலைகாட்டியது என்பதாலேயே அது பணியால் வந்ததாகிவிடாது என்று அவை சொல்கின்றன. ஆனாலும் சாதாரணமாக நிரூபிக்கும் பொறுப்பைக் கோருகிறவர் மேல் அவையும் ஏற்றவில்லை, ஒரு விதிவிலக்கோடு. வெளியேறிப் பதினைந்து ஆண்டுக்குப் பின் கேட்டு, அதற்குள் ஆவணங்கள் வழக்கப்படி அழிக்கப்பட்டிருந்தால், பொறுப்பு கோருகிறவர் தலையில் விழும். அண்ணனுக்கு அந்தப் பதினைந்து 2029-இல் முடிகிறது. நான் அவரை அவசரப்படுத்திய ஒரே இடம் இதுதான்.

2025-இல் தில்லி உயர் நீதிமன்றம், ராணுவ வீரர்களுக்குச் சாதகமான ஆயுதப்படைத் தீர்ப்பாய ஆணைகளை எதிர்த்து மத்திய அரசு போட்ட நூற்றுக்கணக்கான மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2008 விதிகள் வந்த பின்னும், நோய்க்குப் பணி காரணமில்லை என்றால் வேறு எது காரணம் என்று போர்டு சொல்லியாக வேண்டும் என்பதே அங்கும் நீதிபதிகள் வற்புறுத்தியது. நாட்டின் எல்லா நீதிமன்றங்களும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2009-இல் தாமோதரன் வழக்கிலும் 2019-இல் நரசிங் யாதவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றமே மருத்துவக் குழுவின் கருத்துக்கு முதலிடம் தந்து படைவீரரின் கோரிக்கையை ஏற்கவில்லை. இரண்டும் மனநோய் வழக்குகள். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் இவற்றைக் கொண்டுவருவார். உங்கள் வழக்கு எலும்பு பற்றியது, உங்கள் தாளில் காரணம் எழுதப்படவில்லை என்று வேறுபடுத்திக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

போர்டு விரிவாகக் காரணம் எழுதியிருந்தால் நிலைமை வேறு. சேருவதற்கு முன்பே கழுத்தில் அடிபட்டதை மறைத்தார் என்றோ, லீவில் ஊருக்கு வந்தபோது மரத்திலிருந்து விழுந்தார் என்றோ ஆவணத்தோடு எழுதியிருந்தால், அதை உடைப்பது கடினம். விபத்து என்றால் விதியே வேறு தடத்தில் போகும். இன்ஜுரி ரிப்போர்ட் எழுதினார்களா, கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்ததா, அப்போது டியூட்டியில் இருந்தாரா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். பணியில் இருக்கும்போது வண்டி கவிழ்ந்து கழுத்தில் அடிபட்டு, அதற்கு இன்ஜுரி ரிப்போர்ட்டும் இருந்தால், தேய்மானம் என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. இளைஞர்களுக்கு நான் சொல்வது, அடிபட்ட அன்றே அந்தத் தாளை எழுதவையுங்கள், லேசான அடிதானே என்று விடாதீர்கள். இப்போது அக்னிவீரராகப் போகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. பணியால் வந்த ஊனத்துக்கு 100, 75, 50 விழுக்காடு என்ற படிகளில் முறையே 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே தடவைதான். பணியால் வந்தது என்று தாள் சொல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுக்குப் பிறகு முதன்முதலாகக் கழுத்து வலி வந்தவர்கள் ஆசையை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. பணியில் தொடங்கிய கேடு தாமதமாக வெளிப்பட்டது என்று காட்ட விதியில் ஒரு குறுகிய வழி உண்டு, ஆனால் அதற்கு ஆண்டு வரம்பும் உண்டு, மருத்துவச் சான்றும் பலமாக வேண்டும். பணிக்காலத்தில் கழுத்து பற்றி ஒரு குறிப்புகூட இல்லாதவரிடம் வழக்குப் போட்டால் லட்சக்கணக்கில் வரும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறவர்களை நம்பாதீர்கள்.

விழுக்காட்டிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நோய் காரணமாகப் பணிக்காலம் முடியும் முன்பே வெளியேற்றப்பட்டவருக்கு, போர்டு 20-க்குக் கீழ் எழுதியிருந்தாலும் 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று சுக்விந்தர் சிங் தீர்ப்பு சொன்னது. வேலையை விட்டே அனுப்பும் அளவுக்கு நோய் என்றால் அது 20 இல்லாமல் எப்படி என்ற நியாயம்தான். ஆனால் முழுக்காலம் முடித்து ஓய்வுபெற்றவருக்கு இந்த நியாயம் செல்லாது. 2019-இல் விங் கமாண்டர் ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. முழுக்காலம் முடித்தவருக்கு 11 முதல் 14 விழுக்காடு வரை எழுதியிருந்தால், முதலில் போராட வேண்டியது விழுக்காட்டுக்காக. அதற்கு அப்பீல் மெடிக்கல் போர்டோ, தீர்ப்பாயம் உத்தரவிடும் ரீசர்வே போர்டோ வேண்டும். கழுத்தும் இடுப்பும் இரண்டுமே கெட்டிருந்து, போர்டு ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் அதையும் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே முன்னாள் படைவீரரின் கழுத்து முன்புறம் எத்தனை டிகிரி வளைகிறது என்று கோணமானி வைத்து அளக்கிறார்கள். 15 டிகிரிக்கு மேல் 30 வரை என்றால் 20 விழுக்காடு, 15-க்குள் என்றால் 30 விழுக்காடு என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். 10 விழுக்காட்டுக்கே மாதப் பணம் உண்டு. 2019 பிப்ரவரி முதல் மறுப்பை எதிர்க்க மூன்று தனித்தனி வழிகளும் உண்டு. அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனால் அளவுகோல் வெளிப்படையாக இருப்பது பெரிய விஷயம். தனக்கு ஏன் இந்த எண் வந்தது என்று ஒரு சாதாரண மனிதனால் கேட்க முடிகிறது. நம் போர்டுகளின் தாளிலும் அப்படி ஒரு வரி இருந்தால் பாதி வழக்குகள் பிறந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

இனி பாதை. மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல். அது தள்ளப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். இரண்டையும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரருக்கு வெலிங்டன், சிக்னல்ஸ்காரருக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்காரருக்கு நாசிக் என்று அவரவருக்கு ஓர் ஊர். கெடு தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் நேரே தீர்ப்பாயத்துக்குப் போனால், இருக்கும் வழிகளை முதலில் முடித்துவிட்டு வா என்று திருப்புவார்கள். அப்பீல் போட்டு ஆறு மாதம் ஆகியும் பதில் வராவிட்டால், அந்த வழி முடிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. பதிலுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

அதன் பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, நமக்கு அதன் சென்னை அமர்வு. ரெக்கார்ட் ஆபீஸ் எந்த மாநிலத்தில் இருந்தாலும், ஓய்வுபெற்றவர் தான் குடியிருக்கும் எல்லைக்குரிய அமர்வில் மனுப் போடலாம். முட்டுக்காட்டுக்காரர் ஜபல்பூருக்கு அலைய வேண்டாம். தானே வாதாடவும் உரிமை உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 2025 ஜூலையில் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு சட்ட உதவித் திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தீர்ப்பாயமும் கைவிட்டால், உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் தடைபடவில்லை என்று 2023 மார்ச்சில் பரஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

"பத்து வருஷத்துக்கு மேல ஆச்சே தம்பி. இப்ப போனா துரத்திட மாட்டாங்களா?"

மாட்டார்கள். பென்ஷன் மாதந்தோறும் வர வேண்டியது, ஆகவே மறுப்பும் மாதந்தோறும் நிகழும் தவறு. 1983-இல் வெளியேற்றப்பட்ட தர்சேம் சிங் என்பவர் 1999-இல்தான் நீதிமன்றம் போனார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய உரிமையைத் தாமதத்தின் பேரால் பறிக்கவில்லை. ஆனால் நிலுவையை, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தியது. அண்ணன் இன்னும் ஒரு வருஷம் யோசித்தால், பழைய ஒரு வருஷத்துப் பணம் அப்படியே கைவிட்டுப் போகும். உரிமை மட்டும் போகாது.

பணம் எவ்வளவு என்று கேட்டார். ஊனப் பகுதி 100 விழுக்காட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். கணக்கு எளிதாக இருக்க 40,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 100-க்கு 12,000, 20-க்கு 2,400. இங்கேதான் 2001 ஜனவரியின் அரசாணை உதவுகிறது. 50-க்குக் குறைந்த ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். அந்த ஆணை வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு வாதாடியது. முழுக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. ஆக, 20 என்பது 50 ஆகி, 2,400 என்பது 6,000 ஆகிறது. அகவிலை நிவாரணம் தனி. ஏற்கெனவே வாங்கும் சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் இது. ஆனால் மனுவில் உயர்த்திக் கணக்கிடும்படி தனியாகக் கேளுங்கள். கேட்காததை யாரும் கொடுப்பதில்லை.

இந்தப் பணத்தை அதிகாரிகள்தான் அதிகம் பெறுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஊனப் பகுதியோடு ஓய்வுபெறும் அதிகாரிகளின் விகிதம் ஜவான்களுடைய விகிதத்தைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்ததை மத்திய கணக்குத் தணிக்கைத் துறையே சுட்டிக்காட்டியது. உண்மையில் பாரம் தூக்கியவரும் ஸ்டியரிங் பிடித்தவரும் ஜவான்தான். விதி தெரிந்தவருக்குக் கிடைப்பதும் தெரியாதவருக்குக் கிடைக்காமல் போவதும்தான் வித்தியாசம் என்றால், அது ஆற வேண்டிய புண். 2023 விதிகள் கடுமையானதற்கு அந்தத் தணிக்கை அறிக்கையும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. கடுமை ஜவானின் தலையில் விடியக் கூடாது என்பது என் கவலை.

கடைசியாகத் தாள்கள். அண்ணனிடம் இருப்பது மறுப்புக் கடிதம் மட்டும். போர்டின் முழு நடவடிக்கைத் தாள் இல்லை. அது இல்லாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. அந்தப் படிவத்தில் சில கேள்விகள் அச்சிட்டிருக்கும். பணியில் சேரும் முன் இந்த ஊனம் இருந்ததா? சொந்த அலட்சியத்தாலோ ஒழுங்கீனத்தாலோ வந்ததா? பெரும்பாலான தாள்களில் இரண்டுக்கும் இல்லை என்றே எழுதியிருப்பார்கள். முன்பும் இல்லை, உங்கள் தவறும் இல்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்ட பிறகு, வேறு எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதோடு முதன்முதலில் கேட்டகரி குறைத்தபோது நடந்த போர்டின் தாள், மருத்துவமனையில் சேர்த்த டிஸ்சார்ஜ் சம்மரிகள், சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், எந்தெந்த வருஷம் எந்தெந்த இடம் என்ற பணி விவரம் ஆகியவையும் வேண்டும். லேயில் இருந்த வருஷங்கள் அந்தப் பணி விவரத்தில் இருக்கும்.

இவை எல்லாம் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெயர், படை எண், ஓய்வுபெற்ற தேதி, வேண்டிய தாள்களின் பட்டியல், சான்றொப்பமிட்ட நகல் வேண்டும் என்ற ஒரு வரி, அவ்வளவுதான் மனு. விளக்கம் கேட்காதீர்கள், வாதம் செய்யாதீர்கள், நகல் மட்டும் கேளுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாள்கள் வந்த பிறகு முதல் அப்பீலை எழுதலாம். அதில் முதல் பத்தியாக, போர்டு செல்லத்தக்க எந்தக் காரணமும் எழுதவில்லை என்பதை வைக்கலாம்.